பெல்ட்டை இறுக்கினால் பேரிங் என்ன பாடுபடும்?

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்துவிட்டால் மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்து ரைஸ் மில்களுக்கு ராப்பகல் கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் டிரையருக்கு நெல் ஏற்றும் எலிவேட்டர் மோட்டார் படுக்கும். பின்னால் தொட்டியில் ஊறும் புழுங்கல் நெல்லும் காத்துக் கிடக்கும். ஊறல் கணக்குத் தாண்டினால் புளித்த வாடை. அது சோறான பிறகும் போகாது.

மோட்டாரைக் கழற்றினால் பெரும்பாலும் பேரிங்தான், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்தான், போயிருக்கும். "பழசாயிடுச்சு" என்பார்கள். வயசு மட்டும் காரணமல்ல.

பெல்ட் வழுக்கினால் நாம் செய்யும் முதல் வேலை, இன்னும் கொஞ்சம் இறுக்குவது. இறுக்கம் கூடக் கூட, பெல்ட் மாட்டிய சக்கரமான புல்லி, மோட்டாரின் தண்டான ஷாஃப்டை ஒரு பக்கமாக இழுக்கும். அந்த இழுவையைத் தாங்குவது பேரிங்கின் உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே உருளும் சில எஃகுக் குண்டுகள். குண்டு வளையத்தைத் தொடும் இடம் கடுகளவுதான். ஒவ்வொரு உருளலிலும் அந்த இடம் அமுங்கி நிமிரும். கோடிக்கணக்கான முறை அமுங்கியபின், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மயிரிழை விரிசல் விடும். அது மேலே ஏறிவந்து ஒரு செதில் பெயரும்.

1947இல் ஸ்வீடனின் லண்ட்பெர்க், பால்ம்கிரன் இருவரும் இதற்குக் கணக்குப் போட்டார்கள். குண்டு பேரிங்கின் ஆயுள், சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுமை கால் பங்கு கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதி. இரட்டிப்பானால் எட்டில் ஒரு பங்கு! ஸ்பேனரில் அரைச் சுற்றுக்கு இவ்வளவு விலை.

செதில் பெயர்ந்ததும் பேரிங் நின்றுவிடாது, பேச ஆரம்பிக்கும். நிமிடத்துக்கு 1,440 சுற்று என்றால் வினாடிக்கு 24. எட்டுக் குண்டு பேரிங்கின் வெளி வளையத்தில் பள்ளம் விழுந்தால், குண்டுகள் அதில் வினாடிக்குச் சுமார் 75 தடவை தட்டும். பழைய ஃபிட்டர்கள் ஸ்குரூடிரைவர் முனையைப் பேரிங் உட்கார்ந்திருக்கும் கூட்டின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது இதைத்தான். நல்ல பேரிங் சீராக ரீங்கரிக்கும். கெட்டது பல்லைக் கடிப்பதுபோல் கரகரக்கும். இன்றைய அதிர்வு சென்சார் அதே தட்டலை எண்ணி, வெளி வளையமா, உள் வளையமா என்றுகூடச் சொல்லிவிடும். காதால் அது முடியாது. ஆனாலும் சென்சார் வாங்கும்வரை அந்த ஸ்குரூடிரைவரை நான் ஏளனம் செய்யமாட்டேன்.

நம் மில்களுக்கே உரிய இன்னொரு எதிரி உமித் தூசி. உமியை எரித்த சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. அந்தத் தூசி கிரீஸோடு கலந்தால் மசகு அல்ல, அரைக்கும் பசை. கிரீஸைத் திணித்து நிரப்புவதும் தப்பு: குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே சூடாகும், உள்ளிடத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். அதைவிட முக்கியம், கிரீஸ் கன்னை வைக்குமுன், கிரீஸ் உள்ளே போகும் வாயான நிப்பிளை ஒரு துணியால் துடைப்பது. துடைக்காவிட்டால் மேலே படிந்த உமித் தூசியை நம் கையாலேயே உள்ளே தள்ளுகிறோம்.