பல்லியம்: திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு பெயர்

போன மாதம் லண்டனிலிருந்து என் சித்தி மகள் போனில் பேசும்போது, "ஆர்கெஸ்ட்ரா வச்சு ஹாரி பாட்டர் படம் பார்த்தோம்ண்ணா" என்றாள். பக்கத்தில் இருந்த அம்மா உடனே, "யார் வீட்டுக் கல்யாணத்துல?" என்று கேட்டார்.

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பிலும் அம்மன் கோயில் திருவிழாவிலும் மேடை போட்டு, கீபோர்டும் ரிதம் பேடும் வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டு பாடுகிற மெல்லிசைக் குழுதான். தங்கை பார்த்தது வேறு. பெரிய அரங்கம், மேலே திரை, அதில் படம் முழுசாக ஓடுகிறது, வசனமும் கதவு சாத்துகிற சத்தமும் ஒலிபெருக்கியில் வழக்கம்போல வருகின்றன, ஆனால் இசை மட்டும் படத்தில் இல்லை. அதைத் திரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற எண்பது தொண்ணூறு பேர் அந்தந்தக் காட்சி வரும்போது அங்கேயே வாசிக்கிறார்கள். அந்தப் படத்தின் தொடக்கத்தில் வருகிற கிணுகிணுப்பை ஏதோ மணி என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தாளாம். ஒரு பெண் சின்ன பியானோ மாதிரி ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து விரலால் வாசிப்பதை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறாள். அது செலெஸ்டா, உள்ளே கம்பிக்குப் பதிலாக உலோகத் தகடுகள் இருக்கும்.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் 'லைவ் டு பிக்சர்' என்பார்கள். மௌனப் படத்துக்கு நேரில் இசைப்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சினே கான்செர்' என்கிறார்கள். நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது என்பது என் எண்ணம், ஆனால் அதற்கு முன்னால் இப்போது புழங்குகிற சொற்கள் ஏன் பொருந்தவில்லை என்று பார்த்துவிடலாம்.

ஆர்கெஸ்ட்ரா கிரேக்கச் சொல். அதன் வேர் 'ஆடு' என்னும் வினை, ஆர்கெஸ்ட்ரா என்றால் ஆடுகிற இடம். பழைய கிரேக்க அரங்குகளில் மேடைக்கும் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கும் நடுவே வட்டமாக ஒரு களம் இருக்கும், நாடகக் குழுவினர் அங்கே ஆடிப் பாடுவார்கள், அந்தக் களத்துக்குத்தான் இந்தப் பெயர். பிற்காலத்து ஐரோப்பிய அரங்குகளில் மேடைக்கு முன்னால் இருந்த அந்த இடத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார ஆரம்பித்தார்கள், கொஞ்ச காலத்தில் இடத்தின் பெயர் ஆட்களுக்கு ஒட்டிக்கொண்டது. அமெரிக்க அரங்குகளில் இன்றைக்கும் தரைத்தள இருக்கைகளுக்கு ஆர்கெஸ்ட்ரா என்றுதான் பெயர். ஆக, இசையைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை.

நாமும் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறோம். பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் பக்கவாத்தியம். தெருக்கூத்தில் ஆடுபவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஆர்மோனியத்தோடும் முகவீணையோடும் வாங்கிப் பாடினால் பின்பாட்டு. சினிமாவில் பின்னணி இசை. பின்னணி என்பது பின் வரிசை. அணி என்றால் வரிசை, படைக்கும் அதே சொல்தான். காட்சிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஒலிப்பதால் அந்தப் பெயர் நன்றாகப் பொருந்தியிருந்தது. ஆனால் தங்கை பார்த்த நிகழ்ச்சியில் பின்வரிசை அப்படியே எழுந்து திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைப் 'பின்னணி இசைக் கச்சேரி' என்று எழுதினால் பின்னா முன்னா என்றே தெரியாமல் போகிறது.

'நேரலை' என்றும் எழுதலாமே என்று ஒருவர் கேட்டார். நேரலை அருமையான சொல், தொலைக்காட்சிக்கு. அதில் இருக்கிற அலை ஒளிபரப்பு அலை. எங்கோ நடப்பது அதே நொடியில் அலைவழியே நம் வீட்டுக்கு வருகிறது. அரங்கில் இருபது அடி தூரத்தில் வயலின் வாசிப்பவரிடமிருந்து வருவதற்கு எதற்கு ஒளிபரப்பு அலை? 'லைவ்' என்கிற ஆங்கிலச் சொல்லுக்கே இந்தப் பொருள் அண்மையில் வந்ததுதான். 1877-இல் எடிசன் ஃபோனோகிராஃப் செய்வதற்கு முன்னால் உலகத்தில் இருந்த இசையெல்லாம் நேரில் வாசித்ததுதான், அதைத் தனியாக லைவ் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பதிவு செய்த இசை வந்த பிறகுதான் மற்றதற்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது.

சினிமாவில் அந்தத் திருப்பம் கொடுமையாக நடந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டிய காலத்திலிருந்தே படத்தோடு பியானோவும் சேர்ந்துகொண்டது. 1908-இல் சான்-சான்ஸ் என்ற பெரிய இசையமைப்பாளர் ஒரு குறும்படத்துக்கென்றே இசை எழுதினார். பெரிய நகரத் தியேட்டர்களில் முழு வாத்தியக் குழுவே இருந்தது, சின்ன ஊர் என்றால் ஒரு பியானோ. பிறகு 1927-இல் பேசும் படம் வந்தது, சில வருஷங்களில் ஆயிரக்கணக்கான தியேட்டர் வாத்தியக்காரர்களுக்கு வேலை போய்விட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1930 வாக்கில் பத்திரிகைகளில் விளம்பரமே கொடுத்தது: டப்பாவில் அடைத்த இசை வேண்டாம், உயிருள்ள இசை வேண்டும் என்று. பலிக்கவில்லை.

ஐம்பது வருஷம் கழித்து வாத்தியக்காரர்கள் திரும்பி வந்தார்கள். 1980-இல் லண்டனில், அபெல் கான்ஸ் 1927-இல் எடுத்த மௌனப் படமான 'நெப்போலியன்' கார்ல் டேவிஸ் எழுதிய புது இசையை நேரில் வாசிக்க, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஓடியது. 1987-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக் என்ற வாத்தியக் குழு, ஆந்த்ரே ப்ரெவின் தலைமையில், சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' படத்துக்கு நேரில் வாசித்தது. எனக்கு இதுதான் முக்கியமான திருப்பமாகத் தெரிகிறது, ஏனென்றால் அது மௌனப் படம் இல்லை, 1938-இல் வந்த பேசும் படம். ப்ரொகோஃபியெவ் எழுதிய அபாரமான இசை அந்தக் காலத்து மோசமான ஒலிப்பதிவில் நசுங்கிக் கிடந்தது, அதை எடுத்துவிட்டு மறுபடி நேரில் வாசித்தார்கள். 2009-இல் ஸ்விட்சர்லாந்தின் லுசேர்ன் நகரில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் படம், பாடகர் குழுவும் சேர்த்து 200 பேருக்கு மேல். அதற்கு அப்புறம் இது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

எண்பது பேர் எப்படி ஒரு ஃபிரேம் பிசகாமல் வாசிக்கிறார்கள்? கையில் சிறு கோலோடு குழுவை நடத்துபவருக்கு முன்னால் நோட்ஸ் வைக்கிற தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை இருக்கும். அதில் படம் ஓடும், ஆனால் நமக்குத் தெரியாத சில குறிகளும் அதில் ஓடும். இடது ஓரத்தில் செங்குத்தாக ஒரு வண்ணக்கோடு தோன்றி மெதுவாக வலது பக்கம் நகர்ந்து போகும், அது ஓரத்தைத் தொடும் கணத்தில் திரை நடுவே வெள்ளையாக ஒரு வட்டம் பளிச்சென்று மின்னும். அந்த மின்னலில்தான் கோல் கீழே இறங்கவேண்டும். கோட்டுக்கு ஸ்ட்ரீமர், வட்டத்துக்குப் பஞ்ச் என்று பெயர். ஃபிலிம் காலத்தில் இதைக் கையால் செய்தார்கள்: ஃபிலிமின் மேல்பூச்சில் மூன்று அடி நீளத்துக்குச் சாய்வாக ஒரு கீறல் போடுவார்கள், 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நொடிக்கு ஒன்றரை அடி ஓடும், ஆக அந்தக் கோடு திரையைக் கடக்க 2 நொடி, கீறல் முடிகிற இடத்தில் ஒரு ஓட்டை குத்துவார்கள், பஞ்ச் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நம் ஸ்டுடியோக்களில் 'கிளிக்' என்று சொல்வது இன்னொரு முறை, காதில் டக் டக் என்று ஒவ்வொரு தட்டும் கேட்கும். கிளிக்கில் பிசகு வராது, ஆனால் மூச்சு விடவும் இடம் இருக்காது. கோடு வருகிற முறையில் இரண்டு பஞ்ச் குறிகளுக்கு நடுவே கொஞ்சம் இழுத்தும் கொஞ்சம் விரட்டியும் வாசித்துக்கொள்ளலாம், காட்சியின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது.

இந்த முறையை ஹாலிவுட்டில் நிலைநிறுத்தியவர் ஆல்ஃபிரட் நியூமன், ஃபாக்ஸ் நிறுவனத்தின் படங்களுக்கு முன்னால் வருகிற அந்த முழக்கத்தை எழுதியவரும் அவரேதான். 2017-இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் 'ஸ்டார் வார்ஸ்' படங்களுக்கு நேரில் வாசித்தபோது கோலைப் பிடித்தவர் அவருடைய மகன் டேவிட் நியூமன். அப்பா எழுதிய முழக்கத்தை மகன் மேடையில் நடத்தினால் அந்தக் கைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

படத்துக்கு எழுதுகிற இசையை ஆங்கிலத்தில் 'ஸ்கோர்' என்பார்கள், அந்தச் சொல்லைப் பற்றியும் இரண்டு வரி. பழைய நார்ஸ் மொழியில் குச்சியில் போடுகிற வெட்டுக்குறி அது. ஆடு எண்ணும்போது இருபதுக்கு ஒரு வெட்டு. ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிய பல வாத்தியங்களின் வரிகளை ஒரு நெடுங்கோடு இழுத்துச் சேர்ப்பதால் இசைத்தாளுக்கும் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கோடம்பாக்கத்தில் இதற்கு ரீரெக்கார்டிங், சுருக்கமாக ஆர்.ஆர்.; ரசிகர்களுக்கு பிஜிஎம். தாளைச் சொல்லும்போது இசைக்குறிப்பு, இசையைச் சொல்லும்போது படஇசை என்றால் போதும், இதில் பெரிய சண்டை இல்லை.

சண்டை ஆர்கெஸ்ட்ராவுக்குத்தான். இசைக்குழு என்றால் நான்கு பேர் கிட்டாரோடு நின்றாலும் இசைக்குழு. சேர்ந்திசை என்ற சொல்லை எம்.பி. சீனிவாசன் நடத்திய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு பலர் கூடிப் பாடுவதற்கு உரியதாக ஆக்கிவிட்டது, அது அங்கேயே இருக்கட்டும். ஆல் இந்தியா ரேடியோ 1952-இல் ரவிசங்கர் தலைமையில் தொடங்கிய குழுவுக்கு 'வாத்ய விருந்தா' என்று பெயர். விருந்தம் வடமொழியில் கூட்டம், ஆனால் தமிழ்க் காதுக்குச் சாப்பாட்டு விருந்துதான் கேட்கும். சிம்பொனி என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது வாசிக்கப்படுகிற படைப்பின் பெயர், வாசிக்கும் ஆட்களின் பெயர் இல்லை.

பல்லியம் என்ற சொல் இரண்டாயிரம் ஆண்டுக்கு நெருக்கமாக நம்மிடம் இருக்கிறது. இயம் என்றால் இசைக்கருவி, இயவர் அதை வாசிப்பவர். பல் இயம், பல கருவிகள் ஒன்றாக ஒலிப்பது. திருமுருகாற்றுப்படையில் முருகன் அலைவாய்க்கு, அதாவது திருச்செந்தூருக்கு, வான்வழியே வருகிறான்: 'அந்தரப் பல்லியம் கறங்கத் திண்காழ் வயிரெழுந்து இசைப்ப வால்வளை ஞரல'. வானத்தில் பல்லியம் கறங்குகிறது, கொம்பு இசைக்கிறது, வெண்சங்கு ஞரலுகிறது. ஒவ்வொன்றும் ஒலிப்பதற்குத் தனித்தனி வினை. நாயகன் வரும் காட்சிக்கு எது முதலில், எது அடுத்து என்று எழுதிய படஇசையாகவே எனக்கு இது கேட்கிறது. அதே பாட்டில் முருகனையே 'குழலன் கோட்டன் குறும்பல்லியத்தன்' என்கிறார் நக்கீரர். நெடும்பல்லியத்தனார் என்று ஒரு புலவர் புறநானூற்றிலும், நெடும்பல்லியத்தை என்று ஒருவர் குறுந்தொகையிலும் இருக்கிறார்கள். ஆக நெடு, குறு என்று அடைசேர்க்கவும் வழி தயாராக இருக்கிறது: நூறு பேர் என்றால் நெடும்பல்லியம், பத்துப் பேர் என்றால் குறும்பல்லியம்.

முக்கியமாக, இந்தச் சொல் யாரையும் எந்த இடத்திலும் உட்கார வைக்கவில்லை. முன்னால் உட்கார்ந்தாலும் பின்னால் உட்கார்ந்தாலும் பல்லியம் பல்லியம்தான்.

பல்லி நினைவு வருகிறதே என்பார்கள். பல்கலைக்கழகம் என்றால் யாருக்காவது பல் நினைவு வருகிறதா? வாயில் பழகினால் போய்விடும். நடத்துபவருக்கு 'நடத்துநர்' வேண்டாம், அவர் பேருந்தில் சீட்டு கொடுக்கிறார். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வாத்தியக்காரர்கள் 'இருக்கை முறைமையின் குயிலுவ மாக்கள் நெறிப்பட நிற்ப' என்று வருகிறது, அந்த நெறியிலிருந்து இசைநெறியாளர் என்று எடுத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சிக்குப் பல்லியத் திரையிடல். 2019 அக்டோபர் 19 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 'பாகுபலி' முதல் பாகம் பல்லியத்தோடு திரையிடப்பட்டது என்று எழுதிப் பாருங்கள், எங்காவது இடறுகிறதா? தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த படம், நாம் மரகதமணி என்று அழைக்கிற கீரவாணியின் இசை, வாசித்தது ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்செர்ட் ஆர்கெஸ்ட்ரா. அந்தக் குழுவின் பெயர் அவர்கள் வைத்தது, அப்படியே இருக்கட்டும். நிகழ்ச்சிக்கு மட்டும் நம் பெயர்.

அம்மாவுக்கும் இதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படம் முடிஞ்சதும் அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். தங்கையிடம் கேட்டேன். திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததாம், யாரும் எழுந்திருக்கவில்லை, ஏழெட்டு நிமிஷம் அத்தனை பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்களாம், ஏனென்றால் கீழே வாசிப்பது இன்னும் முடியவில்லை.