மையக்கருத்தைக் கைடில் தேட வேண்டாம்

கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். 'இக்கதையின் மையக்கருத்தை எழுதுக' என்ற கேள்வி வந்தாலே விடைத்தாள் திருத்தும்போது மனசு கனத்துவிடும். வகுப்பில் பாதிப் பேர் 'முயற்சி திருவினை ஆக்கும்' என்று எழுதியிருப்பார்கள். 616-ஆவது குறள், அருமையான குறள். கதையோ ஒரு தாயின் தனிமையைப் பற்றியது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கைடில் ஒற்றை வரி அச்சாகியிருக்கிறது. நாமும் அதையே கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். கதைச்சுருக்கமும் நீதியும் மையக்கருத்தும் ஒன்றே என்று அவர்கள் நினைப்பதற்கு நாம்தான் காரணம்.

காக்கா வடை கதையையே பாருங்கள். நரி பாடச் சொன்னது, காக்கா வாயைத் திறந்தது, வடை விழுந்தது. இது சுருக்கம். 'புகழ்ச்சிக்கு மயங்காதே' என்பது கேட்பவருக்குச் சொல்லும் புத்தி. மையக்கருத்து யாருக்கும் புத்தி சொல்வதில்லை. புகழ்ச்சி கேட்டதும் கையிலிருப்பது மறந்துபோகிறதே, அந்த மனசைக் காட்டுகிறது. இந்தக் கதையை நடத்தும்போது ஒரு பையன் எழுந்தான். அவன் அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். "வடை சுட்ட பாட்டிக்கு யாரு டீச்சர் காசு குடுத்தா?" என்றான். நல்ல கேள்வி. ஆனால் கதை பாட்டியை ஆரம்பத்திலேயே விட்டுவிடுகிறது, திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் அவள் உழைப்பு அந்தக் கதையின் மையமாகாது. "அப்போ பாட்டிகிட்ட கொண்டுபோய்க் கதைய முடி" என்றேன். அவன் எழுதியதில் சாயங்காலம் பாட்டி வடைகளை எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது. நடந்தது அதேதான். முடிகிற இடம் மாறியதும் மையமும் மாறிவிட்டது.

தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று பிரித்ததை இந்த இடத்தில்தான் சொல்லிக்கொடுப்பேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், விலங்கு, மரம், தொழில் எல்லாம் கருப்பொருள். மனிதர்களுக்குள் நடப்பது உரிப்பொருள். கதையில் பனியும் தேயிலையும் காட்டெருமையும் வந்தால் எங்கள் பிள்ளைகள் அதிலேயே நின்றுவிடுவார்கள், தினமும் பார்ப்பதாயிற்றே. "உரி எங்கே?" என்று கேட்டால் உள்ளே போவார்கள்.

இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்கள் இந்த மலையில் நிறைய. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாட்டி கதையை எழுதி வந்தாள். தலைமன்னாரில் கப்பல் ஏறியது, வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயன் வீடு. கடைசியில் 'மையக்கருத்து: தாய்நாட்டுப் பற்று' என்று தானே எழுதியிருந்தாள். 'முயற்சி' என்று எழுதாமல் இதை எழுதினாளே என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

வகுப்பில் அவளையே வாசிக்கச் சொன்னேன். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் கேட்டேன். யாரும் பேசவில்லை. மறுபடி வாசித்தாள். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "பாட்டிய எல்லாரும் ஊரு கேக்குறாங்க டீச்சர்." ஆமாம், மூன்று இடத்தில். அங்கே இருந்தபோது 'இந்தியாக்காரி', இங்கே வந்ததும் 'சிலோன்காரி'. மூன்றாவதாகக் கேட்பது பேத்தி. பாட்டி பதில் சொல்லாமல் அடுப்பை ஊதுகிறாள். அப்புறம்தான் அந்தப் பெண் தான் எழுதியதை அடித்துவிட்டு எழுதினாள்: 'ஒருத்தர் எந்த ஊர் என்பதை மற்றவர்களே சொல்லிக்கொண்டிருந்தால், அவர் வாயடைத்துப் போகிறார்.' கதையிலிருந்து மூன்று இடங்களை ஆதாரமாகக் காட்டவும் அவளால் முடிந்தது.

இதற்கு முழுசாக ஒரு பாடவேளை போயிற்று. போகட்டும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை கதை படித்து முடித்ததும் 'இதிலிருந்து என்ன கத்துக்கிட்ட?' என்று உடனே கேட்காதீர்கள். எது திரும்ப வந்தது, முதலில் இருந்த ஆள் கடைசியில் எப்படி ஆனார், கதை ஏன் அந்த இடத்தில் நின்றது என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். அதுவரை கைடைத் திறக்க வேண்டாம்.