வலையில் தொற்றி ஊர் மாறும் ஆற்றுவாழை

மாரி மழை கொட்டி ஓய்ந்த பிறகு மட்டக்களப்பு வாவியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நேற்று வெறும் தண்ணீர் கிடந்த இடத்தில் இன்று பச்சைப் பாய் விரித்ததுபோல ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்ச்செடி நிற்கும். கம்பு ஊன்றித் தோணியைச் செலுத்த முடியாது, வலை வீச முடியாது. ஒரே இரவில் முளைத்துவிட்டது என்று நினைக்கிறோம். முளைக்கவில்லை, மிதந்து வந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரைக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் மாதக்கணக்காக வளர்ந்ததை வெள்ளம் அள்ளிக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறது. உன்னிச்சைப் பக்கத்து நீரும் நவகிரிப் பக்கத்து நீரும் கடைசியில் இந்த வாவிக்குத்தானே வருகின்றன!

ஒரு செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைக்காம்பு வெங்காயம்போல வீங்கியிருக்கும். அதைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பஞ்சுபோலக் காற்றறைகள் தெரியும். செடி மூழ்காமல் மிதப்பது அவற்றால்தான். அடியில் கறுத்த வேர்க் குஞ்சம் தொங்கும். பக்கவாட்டில் விரல் தடிப்பில் ஒரு கொடித்தண்டு நீண்டு, அதன் நுனியில் குட்டிச் செடி ஒன்று நிற்கும். தண்டு அறுந்தால் குட்டி தனியாகப் பிழைத்துக்கொள்ளும். நல்ல வெயிலும் சத்துள்ள தண்ணீரும் கிடைத்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஒன்று இரண்டாகிவிடும். கச்சான் வீசும் வைகாசியில் ஒரு குளத்தில் 10 செடி இருந்தால், ஐந்து மாதத்தில் அது 10 தடவை இரட்டிக்கும். அதாவது 10,000 செடிக்கு மேல். வயலிலிருந்து வடியும் உரத் தண்ணீர் அதற்கு நல்ல சாப்பாடு.

கடல் தண்ணீர் இதற்கு ஆகாது. வாவி கடலோடு சேரும் ஆற்றுவாயை வெட்டிவிட்டு உப்பு ஏறினால் இலை ஓரம் கருகிச் செடி சாகும். அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செத்த செடி அடியில் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும், மீன் மூச்சுத் திணறும். உப்பு எட்டாத மேற்குக் குளங்களிலோ தாய்ச் செடிகள் அப்படியே இருக்கும். அப்புறம் விதை. பூத்து முடிந்ததும் பூந்தண்டு வளைந்து தண்ணீருக்குள் விதையைக் கொட்டிவிடும், அந்த விதை சேற்றில் 15 வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

நுளம்புக்கும் இது வீடு. மன்சோனியா என்ற நுளம்பின் புழு, பெரும்பாலான நுளம்புப் புழுக்கள்போல நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு விடாது. நீர்த்தாவரங்களின் வேரைத் துளைத்து அதிலிருக்கும் காற்றை உறிஞ்சும். யானைக்கால் நோயைப் பரப்பக்கூடிய இனம் அது.

தென் அமெரிக்காவின் அமேசன் பக்கத்துச் செடி, ஊதாப் பூவின் அழகுக்காகத்தான் இலங்கைக்கு வந்தது. 1909லேயே இதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இன்றும் பூ அழகாயிருக்கிறதென்று பிடுங்கிப்போய் வீட்டுத் தொட்டியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தொட்டி கழுவும் தண்ணீர் வாய்க்காலுக்குத்தான் போகும். கண்ணாடித் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனையும் குளத்தில் விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் கறுத்த மீன் இலங்கையின் ஆறு குளங்களுக்குள் புகுந்தது இந்த இரக்கத்தால்தான்.

ஊர்க் குளத்தில் நாலைந்து செடி தெரிந்தால், பூக்க முன்னம், மழைக்கு முன்னம் இறங்கிப் பிடுங்கிவிட வேண்டும். இரண்டு பேர் ஒரு காலை நேரத்தில் முடிக்கிற வேலை இது. விட்டால் பிறகு இயந்திரம்தான் வர வேண்டும். கொடித்தண்டை அறுத்து மிதக்க விடாமல் குட்டியோடு சேர்த்து இழுக்க வேண்டும். பிடுங்கியதைக் கரை ஓரத்தில் குவிப்பதுதான் நம் ஊரில் வழக்கமாக நடக்கும் பிழை. வெள்ளம் ஏறினால் குவியல் திரும்பவும் தண்ணீருக்குள்தான். மேட்டில் பரப்பிக் காயவிடுங்கள். செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், வெயிலில் சுருண்டுவிடும். பூக்காத செடியென்றால் மாட்டெருவோடு சேர்த்துப் பசளையாக்கலாம். பூத்ததைப் பசளைக் குழியில் போடாதீர்கள், விதை வயலுக்குப் போய்ச் சேரும்.

மீன்பிடிக்கிறவர்கள் ஒரு குளத்தில் போட்ட வலையை அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகும் முன் கரையிலேயே உதறி, கண்ணிகளில் சிக்கிய வேரையும் குட்டியையும் எடுத்துவிட்டு, ஒரு நாள் வெயிலில் போடட்டும். தோணியின் அடிப்பலகையையும் ஒருதரம் குனிந்து பாருங்கள். தேங்கிய தண்ணீரில் விரலளவு குட்டி ஒன்று பச்சையாக மிதந்துகொண்டிருக்கும்.