சொதி திரியாமல் இருக்க: தேங்காய்ப்பாலின் இயல்பும் தோட்டத்துக் காய்களும்

திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தி என்றால் சொதிதான், அதாவது தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்துச் செய்யும் வெள்ளைக் குழம்பு. ‘மாப்பிள்ளை சொதி’ என்றே அதற்குப் பெயர். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, முருங்கைக்காய் என்று அதன் காய்க்கணக்கும் ஏறக்குறைய முடிவானது. முருங்கையை விட்டால் மற்றவை பெரும்பாலும் சந்தையில் வாங்குபவை. அம்பாசமுத்திரம், கடையம், ஆலங்குளம் வட்டாரத்தில் தோட்டத்தோடு குடியிருக்கும் வீட்டில் தை மாதம் கைக்கு எட்டுவது சிறுகிழங்கு, சேனை, வாழைக்காய், பூசணி. இவற்றையும் சொதிக்குப் போடலாம், நன்றாகவே வரும். ஆனால் போட்டுப் பார்த்தவர்கள் பலர் பால் திரிந்தது, நிறம் கறுத்தது, தொண்டை அரித்தது என்று சொல்லிப் பழைய காய்களுக்கே திரும்பிவிடுகிறார்கள். தேங்காய்ப்பால் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்தால் திரும்ப வேண்டியிருக்காது.

முற்றிய தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, பாதிக்குச் சற்றுக் குறைவாக நீர், 3 முதல் 4 சதவீதம் புரதம். துருவி அரைத்துப் பிழியும்போது அந்தக் கொழுப்பு மிகச் சிறு துளிகளாக உடைந்து நீருக்குள் பரவுகிறது. பெரும்பாலான துளிகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான், அல்லது அதைவிடச் சிறியவை. பாலின் வெண்மை இவை ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது தெரிந்ததே. இங்கே சேர்ந்து நிற்பதற்குக் காரணம் புரதம். ஒவ்வொரு துளியையும் சுற்றி மெல்லிய புரதப் படலம் போர்த்தியிருக்கிறது. படலங்களின் மேல் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பவை மூன்று: சூடு, புளிப்பு, அசையாமல் வைத்திருப்பது.

பசும்பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோம், திரிவதில்லை. அதன் முக்கியப் புரதமான கேசீன் சூட்டைத் தாங்கும். தேங்காய்ப் புரதம் தாங்காது. சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் மடிப்புகள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குருணையாகக் கட்டத் தொடங்கும். போர்வை போன துளிகள் மோதிச் சேர்ந்து எண்ணெயாக மேலே மிதக்கும். ‘தலைப்பால் (முதலில் பிழியும் கெட்டிப் பால்) ஊற்றினால் கொதிக்கவிடாதே’ என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

புளிப்பு வேறு வழியில் கெடுக்கிறது. புதிதாகப் பிழிந்த பாலின் பி.ஹெச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு விழ விழ அது இறங்கும். 4-ஐ நெருங்கும்போது புரதத்தின் மின்னேற்றம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. தள்ளும் விசை இல்லாததால் துளிகள் கூடிவிடும். சூடும் புளிப்பும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் அவ்வளவு தூரம் இறங்கவும் வேண்டியதில்லை, 5-க்கு அருகிலேயே குருணை தட்டும். கொதிக்கிற சொதியில் எலுமிச்சை பிழியக்கூடாது என்பது இதனால்தான்.

அசையாமல் வைத்தால் உடனே நடப்பது நிலையான கெடுதல் ஆகாது. கொழுப்பு நீரைவிட இலேசானது, அதனால் பால் இரண்டு மணி நேரத்தில் மேலே ஆடையாகவும் கீழே நீராகவும் பிரியும். கலக்கினால் சேர்ந்துகொள்ளும். ஆனால் நம் ஊர் வெயிலில் பிழிந்த பாலைச் சில மணி நேரம் வெளியே வைத்தால் நுண்ணுயிரிகள் பெருகி அதைப் புளிக்க வைக்கும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அடுப்பில் ஏறியதும் திரியும். குளிர்பெட்டியில் வைத்தால் இன்னொரு சிக்கல். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையும். உறைந்த துளிகளின் படிகங்கள் பக்கத்துத் துளிகளின் படலத்தைக் குத்திக் கிழிக்கின்றன. சூடாக்கியதும் எண்ணெய் தனியே வந்துவிடும். சொதிக்கான பாலைச் சமைக்கிற அன்றே பிழியுங்கள். கடையில் விற்கும் பெட்டிப் பாலில் நிலைநிறுத்தும் பொருட்கள் கலந்திருப்பதால் அது கொதித்தாலும் அவ்வளவாகத் திரியாது. அந்தப் பாலை வைத்து எழுதிய சமையல் குறிப்பை வீட்டில் பிழிந்த பாலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பால் எடுக்கும் முறை. ஐந்து பேருக்கு நன்றாக முற்றிய பெரிய தேங்காய் ஒன்று போதும். குலுக்கினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், ஓடு கரும்பழுப்பாக இருக்க வேண்டும். இளங்காயில் கொழுப்பு ஏறியிருக்காது. வெள்ளைப் பகுதியை மட்டும் துருவுங்கள். ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் சேர்ந்தால் பால் மங்கும், இலேசாகக் கசக்கும். 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, மல்துணியில் வடித்துப் பிழிந்தால் தலைப்பால். விரல் பொறுக்கிற சூடுதான் அளவு. கொதிநீர் விட்டால் புரதம் துருவலிலேயே கட்டிக்கொண்டு பாலுக்கு வராது, பால் திக்காகத் தெரிந்தாலும் அடுப்பில் நிற்காது. அதே துருவலில் 300 மில்லி விட்டு இரண்டாம் பால், இன்னொரு 400 மில்லி விட்டு மூன்றாம் பால். மிக்ஸியில் ஒரே மூச்சாக ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஜார் சூடானாலும் இதே கெடுதிதான்.

மூன்று பால்களை ஏன் மூன்று கட்டமாக ஊற்றுகிறோம் என்பது இப்போது புரியும். மூன்றாம் பாலில் கொழுப்பும் புரதமும் சொற்பம். அது கொதித்தாலும் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, காயை வேகவைக்க அதுவே சரி. இரண்டாம் பால் சிறுதீயில், மூடாமல், இலேசாகக் கொதிக்கலாம். சுவையும் வழவழப்பும் தலைப்பாலில் இருக்கின்றன, அது கடைசியில் சூடேறினால் மட்டும் போதும்.

50 கிராம் பாசிப்பருப்பைத் தனியே குழைய வேகவைத்துக்கொள்ள வேண்டும். சொதியில் பருப்பு ருசிக்காக மட்டும் இல்லை. அதன் மாவுச்சத்து வெந்து நீரைத் தடிப்பாக்குகிறது. தடித்த நீரில் கொழுப்புத் துளிகள் நகர்ந்து மோதுவது கடினம். பருப்பைக் குறைத்தவர்களின் சொதிதான் முதலில் பிரியும். பருப்பு வேண்டாம் என்பவர்கள் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து இரண்டாம் பாலோடு சேர்க்கலாம்.

ஒரு சட்டியில் தேங்காய் எண்ணெய் விட்டுப் பத்துப் பதினைந்து சின்ன வெங்காயமும் எட்டுப் பல் பூண்டும் நிறம் மாறாமல் வதக்கி, காய்களையும் மூன்றாம் பாலையும் உப்பையும் சேர்த்து வேகவிடுங்கள். முக்கால் பதம் வெந்ததும் ஒரு அங்குல இஞ்சி, ஐந்தாறு பச்சை மிளகாய் அரைத்த விழுதைப் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, இரண்டாம் பாலும் பருப்பும் சேர்க்க வேண்டும். காய் முழுவதும் வெந்த பிறகே அடுத்த வேலை. பின்னால் புளிப்பு சேர்ந்துவிட்டால் காயின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது. அரைவேக்காட்டு உருளைக்கிழங்கில் எலுமிச்சை விழுந்தால் அது அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் மெத்தென்று ஆகாது.

இனி தலைப்பால். கொதி அடங்கும்வரை தீயைக் குறைத்து, சூடான குழம்பில் ஒரு கரண்டி எடுத்துத் தலைப்பாலில் கலந்து, பிறகு அந்தப் பாலைச் சட்டியில் மெல்ல ஊற்றி ஒரே திசையில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டுமானி தேவையில்லை. சட்டியின் ஓரத்தைப் பாருங்கள். முதலில் ஆவி நேராக எழும். பிறகு சுவரை ஒட்டி ஊசிமுனை அளவுக் குமிழிகள் மாலைபோல் கட்டும், நடுப்பகுதி அசையாமல் இருக்கும். இறக்க வேண்டிய நேரம் அதுதான். நடுவில் ஒரு குமிழி வெடித்தாலே தாமதமாகிவிட்டது.

விறகடுப்பும் மண்சட்டியும் வைத்துச் சமைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மண்சட்டி தீயை எடுத்த பின்னும் சில நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆகவே தலைப்பால் ஊற்றும் முன்பே விறகை வெளியே இழுத்துவிடுங்கள். சட்டியில் உள்ள சூடே பாலுக்குப் போதும். இறக்கிய பின் பத்து நிமிடம் ஆறவிட்டு, ஒரு எலுமிச்சையின் சாற்றை இரண்டு கரண்டி சொதியில் கலந்து ஊற்றிக் கிளறுங்கள். சாறு நேராக ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் புளிப்பு எகிறிக் குருணை தட்டும். புளியங்குடி எலுமிச்சை போலச் சாறு மிகுந்த பழமானால் முக்கால் பழம் பிழிந்து ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம். சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. யாழ்ப்பாணச் சொதியில் மஞ்சள் விழும், பருப்பு இராது, நீர்த்திருக்கும். நெல்லைச் சொதிக்கு வெள்ளை நிறமே அழகு.

இப்போது தோட்டத்துக் காய்களுக்கு வருவோம். முதல் இடம் சிறுகிழங்குக்குத்தான். தைப்பொங்கலை ஒட்டிக் கிடைக்கும் இந்தக் கிழங்கில் மாவுச்சத்து மிகுதி, அதனால் பாலைத் தாங்கிப் பிடிக்கும். மண்ணும் தோலும் போக ஈரச் சாக்கில் கட்டித் தரையில் தேய்த்து, மிச்சத்தைச் சுரண்டி, உடனே தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுக்கும். கால் கிலோ கிழங்குக்குப் பருப்பைப் பாதியாகக் குறையுங்கள். குறைக்காவிட்டால் ஆறியதும் சொதி கூழாகிவிடும். அதன் மண்வாசனைக்கு இஞ்சி இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம்.

சேனையில் கவனம் வேண்டும். அதில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு, தொண்டையை அரிப்பவை அவைதான். குழம்பில் புளி இருப்பதால் அரிப்பு தெரிவதில்லை. சொதியில் புளிப்பு கடைசியில் சிறிதளவே விழுகிறது. ஆகவே துண்டுகளை உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்து, பிறகு புளித்தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெந்நீரில் இரண்டு முறை அலசிச் சேருங்கள். முதலிலேயே புளியில் போட்டால் பெக்டின் காரணமாக வேகாது. அலசாமல் போட்டால் ஒட்டியிருக்கும் புளியே பாலைத் திரித்துவிடும்.

வாழைக்காயும் பலாக்கொட்டையும் நறுக்கியதும் கறுப்பவை. வாழைக்காயை அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு வைக்கலாம். பலாக்கொட்டையின் உள்தோலைச் சுரண்டிவிட வேண்டும். இரண்டுக்கும் இரும்புச் சட்டி ஆகாது, துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து சாம்பல் நிறம் தரும். பூசணி தண்ணீர் விடும் என்பதால் மூன்றாம் பாலைப் பாதியாகக் குறையுங்கள். முருங்கைக்கீரை தலைப்பாலுக்குச் சற்று முன் விழ வேண்டும், எலுமிச்சை பட்டதும் அதன் பச்சை மங்கும், ருசிக்குக் குறைவில்லை. தக்காளி, மாங்காய் இரண்டும் பாலில் வேகக்கூடாது. மாங்காய் வேண்டுமென்றால் தனியே வேகவைத்து, இறக்கிய சொதியில் எலுமிச்சைக்குப் பதிலாகச் சேருங்கள். கத்தரிக்காயைச் சொதிக்குப் போடாமல் இருப்பதே நல்லது. தோல் சாயம் இறங்கிப் பால் அழுக்கு நிறமாகும், விதை கறுக்கும்.

புதுக் காய் எதுவானாலும் முழுச் சட்டியையும் பணயம் வைக்க வேண்டாம். அந்தக் காயை வேகவைத்த சூடான தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் டம்ளரில் விட்டு, இரண்டு கரண்டி தலைப்பாலைக் கலந்து ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு டம்ளரைச் சாய்த்து நேராக்குங்கள். சுவரில் பால் வழவழவென்று வழிந்தால் காய் ஒத்துக்கொள்கிறது. மணல்போல வெள்ளைப் பொடி ஒட்டி நின்றால் அந்தக் காயில் புளிப்போ துவர்ப்போ அதிகம். தனியே வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுக் காயை மட்டும் சேர்க்கலாம்.

அப்படியும் திரிந்துவிட்டதா? உடனே இறக்கி, வெந்த காய் ஒரு கை, பருப்பு இரண்டு கரண்டி, திரிந்த சாறு அரை டம்ளர் எடுத்து, ஆறியதும் மிக்ஸியில் நைசாக அடித்துச் சட்டியில் கலக்குங்கள். மாவுச்சத்தும் பருப்புப் புரதமும் மிதந்த எண்ணெயில் பெரும்பகுதியை மறுபடி பிடித்துக்கொள்ளும். கட்டிய குருணை முழுவதும் கரையாது, ஆனால் இலையில் பரிமாறலாம். தேங்காய்ப்பாலைத் திரியவிட்டே சமைக்கும் ஊர்களும் உண்டு. தாய்லாந்தில் தலைப்பாலைக் காய்ச்சி எண்ணெய் பிரியவைத்து, அந்த எண்ணெயில் மசாலா விழுதை வதக்குகிறார்கள். குழந்தைகளுக்குத் தேய்க்கத் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயும் இதே வேதியியல்தான்.

மிஞ்சிய சொதியை இரவு சூடாக்கும்போது நேரே தீயில் வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் சொதிக் கிண்ணத்தை இறக்கி, கிளறிக்கொண்டே இருந்தால் ஏழெட்டு நிமிடத்தில் சாப்பிடும் சூட்டுக்கு வந்துவிடும். எலுமிச்சை ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் காலையில் தாங்கிய சூட்டைக்கூட இப்போது அது தாங்காது. அடுத்த வேளைக்கும் வேண்டும் என்று தெரிந்தால், அந்தப் பங்கை எலுமிச்சை பிழியும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.