களைகொல்லி தாங்கும் பயிர்

வட இலங்கையின் வன்னியில் பெரும்போக நெல் விதைப்பு முடிந்து சில கிழமைகளில் வயலுக்குள் இறங்கிப் புல்லுப் பிடுங்குபவர், நெல்லையும் நெல்லைப் போலவே எழும் புல்லையும் இலையின் அடியைப் பார்த்துப் பிரித்தறிவார். இலை தண்டைத் தழுவும் இடத்தில் நெல்லுக்கு நாக்குப் போன்ற மெல்லிய சவ்வும் மயிருள்ள இரு சிறு காதுகளும் உண்டு. அந்தப் புல்லுக்கு இரண்டும் இல்லை. கண்ணும் கையும் செய்துவந்த இந்தப் பிரித்தறிதலைப் பயிரின் மரபணுவிடம் ஒப்படைத்த நுட்பத்தின் விளைவை, அதாவது களையைக் கொல்லும் மருந்தடித்தாலும் தான் சாகாத பயிரையே, பலரும் 'களைநாசினி எதிர்ப்புப் பயிர்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் பொருளைத் தவறவிடுகிறது என்பது என் எண்ணம்.

களைதல் என்றால் நீக்குதல். அந்த வினையடியே பெயராக நின்று, நீக்கப்பட வேண்டியதைக் குறிக்கிறது. ஆகவே எந்தச் செடியும் பிறப்பால் களை அன்று. நெல் அறுத்த வயலில் உழுந்து போட்டால், உதிர்ந்து முளைத்த நெல்லும் அங்கே களைதான். 'நாசினி' வடமொழி நாசத்திலிருந்து வந்தது, நம் கடைகளிலும் அறிவித்தல்களிலும் நிலைத்துவிட்டது. தமிழகத்தில் வழங்கும் 'கொல்லி'யோ நம் சொந்தச் சொல். செடியை அழிப்பதற்குக் 'கொல்' என்னும் வினை பொருந்துமா என்று ஐயுறுவோருக்கு "இளைதாக முள்மரம் கொல்க" என்னும் 879ஆம் குறளே விடை. அதே குறளில் 'களையுநர்' என்ற சொல்லும் வருகிறது.

சிக்கல் 'எதிர்ப்பு' என்பதில்தான். அந்தப் பெயரைக் கேட்ட ஊர்க் கமக்காரர் ஒருவர், "அப்ப உதுக்கு மருந்தடிக்கத் தேவையில்லையோ?" என்று என்னிடம் கேட்டார். உண்மை நேர்மாறானது: மருந்தடிப்பதற்கென்றே அந்தப் பயிர் உருவாக்கப்பட்டது. 2015இல் இலங்கை தடைசெய்ததால் இங்கே பலரும் பெயரறிந்த கிளைபோசேட், செடி சில அமினோ அமிலங்களை ஆக்குவதற்குத் தேவையான ஒரு நொதியைப் பற்றிக்கொண்டு முடக்குகிறது. இலை வெளிறி மஞ்சளாகி, செடி சாகிறது. 1996இல் அமெரிக்காவில் வணிகப் பயிராக வந்த சோயாவுக்கு, மண் பற்றீரியா ஒன்றின் மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். அந்த மரபணு தரும் நொதியைக் கிளைபோசேட்டால் எளிதில் பற்ற முடியாது. நஞ்சு சோயாவின் மீதும் விழுகிறது, உள்ளேயும் செல்கிறது. சோயா அதைத் துரத்துவதில்லை, தாங்கி நிற்கிறது. எனவே 'தாங்கும்' என்பதே தகும்.

எல்லாத் தாங்குதிறனும் மரபணுப் பொறியியலால் வருவதன்று. புரோப்பனில் என்னும் களைகொல்லியை நெல் தன் இயல்பான நொதியாலேயே சிதைத்துத் தப்புகிறது. இமிடசோலினோன் என்னும் களைகொல்லி வகையைத் தாங்கும் நெல்லினங்கள் விகாரத் தெரிவினால், அதாவது வேற்று உயிரின் மரபணுவைச் சேர்க்காமல் நெல்லின் மரபணுவிலேயே நேர்ந்த மாற்றத்தைத் தெரிந்தெடுத்ததால், கிடைத்தவை. ஆகையால் சோயாவைச் சொல்லும்போது 'மரபணு மாற்றிய, களைகொல்லி தாங்கும் சோயா' என்று இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். 'எதிர்ப்பு' என்ற சொல்லை, ஒரே கொல்லியை ஆண்டுக்கணக்கில் அடித்த வயல்களில் சாகாமல் பெருகிய களைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.