வெளிநாட்டு மண்ணில் போர்க் கல்லறை: தேடுவது எப்படி, உரிமை என்ன?

உலகப் போருக்குப் போய்த் திரும்பி வராத ஒருவர் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார். வீட்டில் மிஞ்சியது ஒரு பதக்கம், மங்கிப்போன ஒரு படம், ஒரு தந்தி. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் பெரியவர்களுக்கே தெரியாது. மூன்று தலைமுறை கழிந்த பிறகும் அதைத் தேடிப் பார்க்க வழி இருக்கிறது, அதுவும் பணம் கட்டாமல். இது பலருக்குத் தெரியாமலே இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

இறந்தவர் பிரிட்டனுக்காகவோ அன்று அதன் பேரரசில் இருந்த நாடுகளுக்காகவோ படையில் இருந்தவர் என்றால், தேட வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். செஞ்சிலுவைப் பிரிவு ஒன்றோடு பிரான்சுக்குப் போன ஃபேபியன் வேர் என்பவர், கல்லறைகளை யாரும் குறித்துவைக்கவில்லை என்பதைக் கண்டு பதிவு செய்யத் தொடங்கினார். அந்த வேலைதான் 1917 மே 21 அன்று அரச சாசனத்தோடு ஆணையமானது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு அரசுகள் செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 150க்கும் மேற்பட்ட நாடுகளில், ஏறத்தாழ 17 லட்சம் பேரின் நினைவு அதன் பொறுப்பில் இருக்கிறது.

ஆணையத்தின் கல்லோ நினைவிடத்தில் பெயரோ பெறும் உரிமை யாருக்கு? இறந்த தேதிதான் முதல் கணக்கு. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்த நாட்களுக்குள் பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் போதும். குண்டடியா, காய்ச்சலா, விபத்தா என்று பார்ப்பதில்லை. ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கும் அதே கல்தான். படையிலிருந்து விடுவிக்கப்பட்டு வீட்டுக்கு வந்து இறந்தவர் என்றால், சாவுக்குக் காரணம் அந்தப் பணியே என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும்.

உடலை ஏன் ஊருக்குக் கொண்டுவரவில்லை என்று பலர் கேட்கிறார்கள். 1915லேயே அதற்குத் தடை வந்துவிட்டது. வசதியுள்ள குடும்பம் மட்டும் மகனைத் திரும்பக் கொண்டுபோகும், மற்றவர்களின் மகன் அங்கேயே கிடப்பான் என்ற நிலை வேண்டாம் என்பது முக்கியக் காரணம். அதனால்தான் ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல்: சுமார் 81 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். மேலே அவருடைய ரெஜிமென்டின், அதாவது படைப்பிரிவின், சின்னம், அப்புறம் படை எண், பதவி, பெயர், இறந்த நாள். அடியில் குடும்பம் சொல்லி அனுப்பிய ஒரு வரி. இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள் அதை அடக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்து அரசு முதல் போரில் அந்த வரியையும் அனுமதிக்கவில்லை, எல்லாக் கல்லும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று.

சரி, தேடுவது எப்படி? ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், படை எண், ரெஜிமென்ட், எந்தப் போர், எந்த நாட்டுப் படை என்று கொடுத்துத் தேடலாம். என் அனுபவத்தில் பெயரைவிடப் படை எண்ணைத்தான் நம்பலாம். பெயரை எழுதிய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முதற்பெயர் வெறும் ஒற்றை எழுத்தாக நின்றுபோயிருக்கும். முதல் போரின் பிரிட்டிஷ் பதக்கங்களில் பெரும்பாலானவற்றின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் குடும்பப் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டு, இறந்த வருடத்தை மட்டும் வைத்து வடிகட்டுங்கள்.

விடையில் கல்லறைத் தோட்டத்தின் பெயர் வந்தால், பகுதி, வரிசை, கல்லறை எண் மூன்றும் கூடவே இருக்கும். நினைவிடத்தின் பெயரும் பலகை எண்ணும் வந்தால், அடையாளம் தெரிந்த கல்லறை இல்லை, பெயர் மட்டும் சுவரில் இருக்கிறது என்று பொருள். பிரான்சின் தீப்வால் நினைவிடத்தில் மட்டும் அப்படி 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனித் தகன நினைவிடங்கள் உண்டு. சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒன்று இருக்கிறது. கல்லைத் தேடிப் போய் ஏமாறாதீர்கள், அங்கே பெயர்தான் இருக்கும்.

உடல் கிடைத்தும் பெயர் தொலைந்ததற்கு ஒரு சின்னத் தகடும் காரணம். 1916 வரை பிரிட்டிஷ் வீரர் ஒருவரிடம் ஒரே ஒரு அடையாளத் தகடுதான் இருந்தது. இறந்ததும் கணக்குக்காக அதைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். பிறகு எலும்பு தோண்டியெடுக்கப்பட்டபோது அது யார் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம்தான் இரண்டு தகடு வந்தது: சிவப்பைக் கழற்றலாம், பச்சை உடலோடு இருக்க வேண்டும்.

அதனால் தேடலில் பெயர் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதே பக்கத்தில் பழைய தாள்களின் படங்கள் இணைத்திருக்கும். சிதறிக் கிடந்த உடல்களை ஒரே தோட்டத்துக்கு மாற்றியபோது நிரப்பிய படிவம் இருந்தால், அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். எந்த வரைபடக் கட்டத்தில் உடல் கிடைத்தது, எதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எண் குத்திய ஒரு கரண்டி, பூட்ஸில் ஒரு முத்திரை. ஒரு குடும்பத்துக்கு அந்த ஒற்றை வரி எவ்வளவு பெரியது!

பெயரே வராவிட்டால்? அது உங்கள் தவறாக இல்லாமலும் இருக்கலாம். எல்லோரும் சமம் என்று சொன்ன இந்த ஆணையம் எல்லோரையும் சமமாக நடத்தவில்லை. 2021ல் அதன் சிறப்புக் குழுவே ஒப்புக்கொண்டது: குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். இராக்கின் பஸ்ரா நினைவிடத்தில் இந்தியப் படையின் சாதாரண வீரர்கள் ரெஜிமென்டுக்கு இத்தனை பேர் என்று வெறும் எண்ணாகச் செதுக்கப்பட்டார்கள். ஆணையம் இப்போது பெயர்களைத் தேடிச் சேர்த்துவருகிறது. 2025 ஜனவரியில் கேப் டவுனில் திறந்த நினைவிடத்தில், கறுப்பின தொழிலாளர் படையினர் 1,700க்கும் மேற்பட்டோரின் பெயர் முதன்முறையாக இடம்பெற்றது.

ஆகவே பெயர் விட்டுப்போயிருந்தால் ஆணையத்துக்கு எழுதுங்கள். இறப்புச் சான்று, பணிப் பதிவு, கிடைத்தால் கடிதம், படம் எல்லாவற்றின் நகலையும் வையுங்கள். அவர்கள் பார்த்துவிட்டு உரிய நாட்டின் ராணுவ அதிகாரிகளின் முடிவுக்கு அனுப்புவார்கள். காலம் ஆகும், ஆனாலும் இப்படிச் சேர்ந்த பெயர்கள் ஏராளம். பணிப் பதிவு கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். முதல் போரின் பிரிட்டிஷ் சிப்பாய்களுடைய கோப்புகளில் பாதிக்கும் மேல் 1940 குண்டுவீச்சில் எரிந்துபோனவை. எதிரியிடம் பிடிபட்டவர் என்றால், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் போர்க் கைதிகள் பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம்.

வேறு படை என்றால் கதவும் வேறு. அமெரிக்காவுக்கு 1923ல் ஏற்பட்ட போர் நினைவிட ஆணையம். அங்கே குடும்பமே முடிவு செய்தது, உடலை ஊருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே விடுவதா என்று. அதனால் வெளிநாட்டில் காணாவிட்டால் உள்ளூர் மயானத்திலும் தேட வேண்டும். ஜெர்மனிக்கு 1919ல் தொடங்கிய ஃபோல்க்ஸ்புண்ட் என்ற அமைப்பு. அதன் தளத்திலும் பெயர் போட்டுத் தேடலாம்.

உடல்கள் இன்றும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. 1916ல் இறந்து பிரான்சின் ஃப்ரோமெல் ஊரருகே கூட்டுக் குழியில் கிடந்த 250 பேரை 2009ல் தோண்டியெடுத்தார்கள். உறவினர்கள் கொடுத்த டிஎன்ஏ மாதிரியால் அவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதனால் 'காணவில்லை' என்றிருப்பவரின் வாரிசு நீங்கள் என்றால், யார் எப்படி உறவு என்று தாய் வழியையும் தந்தை வழியையும் இப்போதே எழுதிவையுங்கள்.

நேரில் போவதானால் பகுதி, வரிசை, எண் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். தோட்டத்தின் வரைபடத்தைத் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பெரிய தோட்டங்களில் வாசல் சுவரிலேயே ஒரு சின்ன உலோகக் கதவு இருக்கும். திறந்தால் உள்ளே பெயர்ப் பதிவேடும், வருகிறவர்கள் எழுதும் நோட்டும் இருக்கும். அதில் உங்கள் பெயரையும், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்பதையும் எழுதிவிட்டு உள்ளே போங்கள்.