லிகண்ட்: எஸ்.பி.ஆர். சோதனையில் அது 'ஈனி' அல்ல, ஊன்றுபொருள்

மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைவதையும் பிரிவதையும் ஒளியால் அளக்கும் முறை மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு, சுருக்கமாக எஸ்.பி.ஆர். அதைப் பற்றித் தமிழில் வரும் விளக்கங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: தங்கச் சில்லில் ஏற்பி, அதாவது வந்து சேரும் மூலக்கூறை ஏற்கும் புரதம், இருக்கிறதாம், அதன்மேல் 'ஈனி'யைப் பாய்ச்சுகிறார்களாம். ஈனி என்று இங்கே எழுதப்படுவது லிகண்ட். எஸ்.பி.ஆர். கருவியில் லிகண்ட் பாய்வதே இல்லை. சில்லோடு பிணைக்கப்பட்டு அசையாமல் இருப்பதுதான் லிகண்ட். அதன்மேல் பாய்ந்து செல்வது அனலைட். ஒரு சொல்லைப் பிசகாகப் பெயர்த்ததில் சோதனையே தலைகீழாகிவிட்டது.

லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். 'லிகாண்டும்' என்றால் கட்டப்பட வேண்டியது. ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1916-இல் சிலிக்கான் சேர்மங்களைப் பற்றிப் பேசும்போது இச்சொல்லைக் கையாண்டார். பிறகு உலோக அணுவைச் சூழ்ந்து அணைவுச் சேர்மம் ஆக்கும் மூலக்கூறுகளுக்கு அது பெயரானது. உயிர்வேதியியல் அதை எடுத்துக்கொண்டு, புரதத்தில் பொருந்தும் எதையும் லிகண்ட் என்றது. மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. ஒரு மூலக்கூறு இன்னொன்றை நாடிப் பிணைவதைக் கொண்டு கலவையைப் பிரிக்கும் நாட்ட வண்ணப்படிவுப் பிரிகையில், குழாயில் நிரப்பிய மணிகளில் நிலையாகப் பிணைத்து வைக்கும் மூலக்கூறுக்கு லிகண்ட் என்று பெயர். 1959-இல் செஃபடெக்ஸ் என்ற பிரிகை மணிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்வீடனின் ஃபார்மசியா நிறுவனத்தின் வழியில்தான் 1990-இல் பயாகோர் என்ற எஸ்.பி.ஆர். கருவியும் வந்தது. எஸ்.பி.ஆர். கையாளும் லிகண்ட் அந்த மணிக்குழாய் வழக்கின் தொடர்ச்சி. செல்லில் உள்ள ஏற்பிக்கு எதிர்ப்பக்கமாகச் சொல்லப்படும் லிகண்ட் அல்ல.

இனி 'ஈனி'. நெல் கதிர் ஈனுகிறது, பசு கன்று ஈனுகிறது. தன்னிடமிருந்து ஒன்றை வெளியே தருவது ஈனுதல். அம்மோனியாவின் நைட்ரஜன் தன் எலக்ட்ரான் இணையை உலோகத்துக்குத் தருகிறது. அதனால் அதை ஈனி என்றார்கள். பாடநூலில் அது அருமையான சொல், அங்கே கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் சில்லில் இருக்கும் ஆன்டிபாடி, அதாவது நோயெதிர்ப்புப் புரதம், யாருக்கு எதைத் தருகிறது? அது அடையாளம் காணும் ஆன்டிஜென் வந்து அமர்வது ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், மின்சுமை ஈர்ப்பாலும், நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றையொன்று நெருங்குவதாலும். 'ஈந்தணைவி' என்று நீட்டி எழுதுவோரும் உண்டு. அதில் பிழை இன்னும் கூடுகிறது: அணைவது உண்மை, ஈவது பொய்.

பெரிய தொல்லை 'ஏற்பி'யோடு 'ஈனி' இணையாக நிற்பது. ஈவோன், ஏற்போன் என்று தமிழ்க் காது உடனே இரட்டையாக்கிக்கொள்ளும். ஏற்பவன் இருந்த இடத்தில் இருக்க, ஈபவன் வந்து சேர்கிறான் என்ற படம் மனத்தில் விழுந்துவிடும். படிப்பவர் மேல் குற்றமில்லை. சொல் அப்படிக் காட்டுகிறது.

படம் தலைகீழானால் கணக்கும் தலைகீழாகும். சில்லில் 50 நானோமீட்டர் அளவு தங்கப் படலம், அதன்மேல் கார்பாக்ஸிமெத்தில் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலிகளின் படுகை. அடியிலிருந்து முப்பட்டகம் வழியே படும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தன் ஆற்றலைத் தங்கத்தின் எலக்ட்ரான் கூட்டத்துக்கு இழக்கிறது. மேற்பரப்பில் புரதம் சேரச் சேர அக்கோணம் நகரும். அந்த நகர்வைத் துலங்கல் என்று அளக்கிறார்கள்: 0.1 பாகை நகர்ந்தால் 1,000 துலங்கல் அலகு. சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோகிராம் புரதம். 50,000 டால்டன் எடையுள்ள லிகண்டை 200 அலகு பிணைத்திருக்கிறோம், 25,000 டால்டன் அனலைட் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டக்கூடிய உச்சத் துலங்கல், அனலைட் எடையை லிகண்ட் எடையால் வகுத்து 200-ஆல் பெருக்கினால் வருவது: 100. எது லிகண்ட் என்று மாறிப்போனால் 400 வரும். வரைகோடு 90-இல் தட்டையாகும்போது, பத்தில் ஒன்பது பங்கு நன்றாக வேலை செய்யும் சில்லை, கால்பங்குகூடத் தேறாத சில் என்று தூக்கி எறிய நேரும்.

எனவே லிகண்டுக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடுவதை விட வேண்டும். அணைவு வேதியியலில் ஈனி இருக்கட்டும். பொதுவான உயிர்வேதியியலுக்குப் 'பிணைவி' போதும். எஸ்.பி.ஆர். சோதனைக்கு 'ஊன்றுபொருள்' பொருந்துகிறது. கரும்புக் கரணையை ஊன்றுகிறோம், பந்தற்காலை ஊன்றுகிறோம்: இடம்பெயராதபடி நிறுத்துவது, ஆனால் அதன் வேலையைக் கெடுக்காமல். 'ஊன்றி' என்று குறுக்கலாமே என்பார்கள். 'காலை ஊன்றி நின்றான்' என்ற எச்சத்தோடு அது குழம்பும்.

லிகண்டைச் சில்லில் ஊன்றும் வேலையைச் சிலர் 'முடக்கம்' என்று எழுதுவதை ஒப்பவே முடியாது. முடங்கியது வேலை செய்யாது. ஊன்றும் முறையைப் பாருங்கள். ஈ.டி.சி., என்.எச்.எஸ். என்ற இரு வினைப்பொருள்களை, முன்னதை 0.4 மோலாரிலும் பின்னதை 0.1 மோலாரிலும், சம அளவு கலந்து 7 நிமிடம் செலுத்தி, டெக்ஸ்ட்ரானின் கார்பாக்ஸில் தொகுதிகளைப் புரதத்தோடு பிணையத் தூண்டுகிறோம். புரதத்தை 10 மில்லிமோலார் சோடியம் அசிடேட்டில், அதன் சமமின்புள்ளிக்கு, அதாவது அதன் நிகர மின்சுமை சுழியாகும் பி.எச்.சுக்கு, சற்றுக் கீழான பி.எச்.சில் விடுகிறோம். அப்போது நேர்மின்சுமை பெற்ற புரதம் எதிர்மின்சுமையுள்ள டெக்ஸ்ட்ரானை நாடி வரும். பி.எச். 3.5-க்கும் கீழே போனால் டெக்ஸ்ட்ரான் தன் சுமையை இழக்கும், புரதம் ஒதுங்கிவிடும். மிஞ்சிய தூண்டப்பட்ட இடங்களை 1 மோலார் எத்தனாலமீன் கொண்டு, பி.எச். 8.5-இல், 7 நிமிடம் அடைக்கிறோம். இவ்வளவும் புரதம் முடங்காமல் இருக்கத்தான். பிணைதளத்திலேயே இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் டெக்ஸ்ட்ரானோடு சேர்ந்துகொண்டால் அந்த மூலக்கூறு உண்மையிலேயே முடங்கும். வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரே பெயர் வைத்தால் 'ஊன்றியதில் எத்தனை பங்கு முடங்கியது' என்ற கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாமல் போகும்.

அனலைட்டுக்கு வழங்கும் 'பகுபொருள்' வேறொரு கோணல். இச்சோதனையில் எதையும் பகுப்பதில்லை. பாய்ந்தது முழுதாகச் சேர்கிறது, முழுதாகப் பிரிகிறது. 'பாய்பொருள்' என்றால் ஊன்றுபொருளுக்கு இணையாகவும் நிற்கும். சொற்பட்டியலில் ஆங்கிலச் சொல்லைத் தேடி, எதிரே இருப்பதை அப்படியே எடுத்துப் போடுவது மொழிபெயர்ப்பு ஆகாது. பிளாஸ்மான் என்றதும் குருதியின் பிளாஸ்மாவை நினைப்பதும், ஒத்ததிர்வை 'எதிரொலி' ஆக்குவதும் இதே பழக்கத்தின் விளைவு. சில்லில் எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும், பாதிப் பிழை நிற்கும்.

எது நிற்கிறது, எது ஓடுகிறது என்பது ஏன் முக்கியம் என்று ஆன்டிபாடியை வைத்துச் சொன்னால் விளங்கும். அதற்கு இரண்டு கைகள். ஆன்டிஜெனை ஊன்றி ஆன்டிபாடியைப் பாயவிட்டால் இரு கைகளாலும் பற்றும். ஒரு கை நழுவினாலும் மறு கை விடாது. பிரிகை வேகம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், நாட்டம் மிகையாகக் கணக்காகும். ஆகவே ஒற்றைக் கையின் நாட்டம் வேண்டுமென்றால் ஆன்டிபாடியை ஊன்று, ஒற்றைப் பிணைதளமுள்ள ஆன்டிஜெனைப் பாய்ச்சு என்பது ஆய்வக விதி. இதை 'ஈனி', 'ஏற்பி' கொண்டு எழுத முயன்றால் ஆன்டிபாடி இரண்டில் எது என்பதிலேயே வாக்கியம் நின்றுவிடும். ஆன்டிபாடி ஊன்றுபொருள், ஆன்டிஜென் பாய்பொருள் என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.